அக்கா சிரிக்கட்டும்

மார்ச் 6, சனி. உலக நேரம் 14:20

தளம் இயல்பு. அழுத்தம் இயல்பு. கரியமில வாயு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல்; சுத்திகரிப்பானின் மூன்றாம் வால்வு சோம்பேறித்தனம் செய்கிறது. ஆள் எண்ணிக்கை ஒன்று. அந்த ஒன்று நான்: சங்கரவடிவு, பொறியாளர், தண்மதி விண்பணி நிறுவனத்தின் நிலாத் தளம். உடன் இருந்தவர் ஜனவரியில் ஊர் திரும்பிவிட்டார். ஏப்ரல் பத்தாம் தேதி கலம் வருகிறது. அதில் எனக்கு மாற்று ஆள் வருவார், அதே கலத்தில் நான் கிளம்புவேன். எனக்குப் பிறகு இந்த நாற்காலியில் உட்காரப் போகும் அந்தப் புண்ணியவானுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நாற்காலியின் இடது சக்கரம் சுற்றாது. சொல்லிவிட்டேன்.

இன்று சனிக்கிழமை அமர்வு நடந்தது. இந்தத் தளத்தின் காற்றை நடத்தும் மென்பொருளுக்கு 'மூச்சு' என்று பெயர். நிறுவனம் எழுதியதல்ல. நாங்கள் நாலு பேர் ஓய்வு நேரத்தில் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று திறந்து வைத்தது. நிறுவனமும் அப்படி எடுத்துக்கொண்டதுதான், சல்லிக்காசு கொடுக்கவில்லை. வாரா வாரம் இணையத்தில் கூடி, ஒரே கோப்பைத் திறந்து வைத்து நிரல் எழுதுவோம். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தட்டச்சு செய்வார். மற்றவர்கள் வாயால் எழுதுவார்கள். கால் மணிக்கு ஒருமுறை கை மாறும். நடத்துவது நான். தொடங்குமுன் மைக்கில் இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒரு தட்டு தட்டுவேன். வகுப்புத் தலைவி புத்தி, போகவில்லை.

நாகர்கோவிலில் ஷெர்லின். என்னோடு சேர்ந்து திட்டத்தின் இரண்டாம் பொறுப்பாளர். எந்த மாற்றமானாலும் நாங்கள் இருவரும் கையெழுத்திட்டால்தான் உள்ளே போகும். போன ஆண்டு அவளுக்குத் தண்மதியிலேயே வேலை கிடைத்தது, நான்தான் பரிந்துரைத்தேன். சாவகச்சேரியில் நிரோஷன். கிள்ளானில் குணவதி, பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியை, வானொலிப் பைத்தியம், 'லா' ஒட்டாமல் பேச்சே வராது. பள்ளி மொட்டை மாடியில் பெரிய ஆன்டெனா வைத்து, நிலா அவள் தலைக்கு மேல் இருக்கும் சனிக்கிழமைகளில் எங்கள் அமர்வின் ஒலியை நேராக நிலாவுக்கே அனுப்புவாள். அது இங்கே மோதித் திரும்பும் எதிரொலியைக் கேட்டுப் பூரித்துப்போவாள். நான் ஒருநாளும் அதைத் தனியாகப் பிடித்துக் கேட்டதில்லை. நிறுவனத்தின் இணைப்பே தெளிவாக இருக்கும்போது கரகரப்பைக் கேட்க யாருக்குப் பொறுமை?

பூமிக்கும் எனக்கும் போய்வர இரண்டரை நொடி. யாராவது நகைச்சுவை சொன்னால் நான் சிரிப்பது அவர்களுக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேரும். அதனால் எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. இன்று நிரோஷன் சொன்னது:

"அக்கா, மூண்டாம் வால்வு லீவு கேட்டு மனு குடுத்திருக்காம். உங்கட கையெழுத்துத்தான் மிச்சமாம்."

உடனே குணவதி: "பொறுங்க லா, அக்கா சிரிக்கட்டும்."

எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்கள். சிரித்தேன். பிறகுதான் அமர்வு நகர்ந்தது. இந்த இரண்டரை நொடி மரியாதையை எனக்கு வேறு யாரும் கொடுத்ததில்லை.

மார்ச் 13, சனி. 15:45

கரியமில வாயு ஏறுகிறது. ஆபத்தில்லை, ஆனால் காலையில் எழுந்தால் தலை கனக்கிறது. அந்த வாயுவை உறிஞ்சும் மாற்றுப் பெட்டிகள் நாலு இருக்கின்றன. கலம் வரும்வரை தாராளம்.

அமர்வில் நிரோஷன் குறுக்கும் மறுக்குமாகத் தோண்டினான். "அக்கா, வால்வு பழுதில்லை. கட்டளை போய்ச் சேரப் பிந்துது. உங்கட கணினியில ஏதோ ஒண்டு மறிச்சுக்கொண்டு நிக்குது."

ஷெர்லின்: "யக்கா, அதெல்லாம் நோண்டாதீங்க. கலம் வந்ததுக்குப் பெறகு கம்பெனி ஆளு பாக்கட்டும்."

எனக்கா சொல்கிறாள்? தேவையில்லாத காத்திருப்பு எங்கே கண்ணில் பட்டாலும் எனக்குக் கை அரிக்கும். அமர்வு முடிந்ததும் தளத்துக் கணினியில் உட்கார்ந்து ஓடிக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும் பார்த்தேன். வேலையில்லாமல் நிற்பவை ஏழெட்டு இருந்தன. அதில் ஒன்றுக்குப் பெயர்கூட இல்லை. ஏகப்பட்ட நினைவகத்தைத் தின்கிறது, ஒவ்வொரு தடவையும் இரண்டரை நொடி சும்மா நின்றுவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைக்கிறது. எந்த மகராசன் எழுதியதோ. எல்லாக் காத்திருப்பையும் தூக்கிக் கடாசிவிட்டேன். மூச்சு என்றால் ஷெர்லினின் கையெழுத்து வேண்டும். இது நான் குடியிருக்கும் தளத்துக் கணினி, என் ஒரு கை போதும்.

வால்வு இப்போது ஒழுங்காக மூடுகிறது. நன்றாகத் தூங்குவேன்.

மார்ச் 20, சனி. 14:50

அமர்வு அருமை. இணைப்பை யாரோ மேம்படுத்தியிருக்கிறார்கள். நான் கேட்கக் கேட்கப் பதில் வருகிறது. பக்கத்து மேசையில் உட்கார்ந்து பேசுவதுபோல இருந்தது. நாற்பது நிமிட வேலையை இருபதில் முடித்தோம். நிரோஷன் ஏதோ கிண்டல் செய்தான், எல்லோரும் சேர்ந்து சிரித்தோம். என் சிரிப்பும் அவர்கள் சிரிப்பும் ஒன்றாக விழுந்தன. குணவதி யாரையும் பொறுக்கச் சொல்லவில்லை.

மார்ச் 20. 15:30

தேநீர் போட்டுக்கொண்டிருந்தபோது உறைத்தது.

இணைப்பை மேம்படுத்தலாம். ஒளியை மேம்படுத்த முடியாது. நான் பேசியது பூமிக்குப் போய்ப் பதில் திரும்பி வர இரண்டரை நொடி ஆகியே தீரும். பிரம்மாவே வந்தாலும் குறைக்க முடியாது. இன்று கால் நொடிகூட ஆகவில்லை.

பதில் பூமியிலிருந்து வரவில்லை.

மார்ச் 20. 16:05

குணவதியிடம் சந்தேகம் கேட்பதுபோல மறுபடி அழைத்து மூவரையும் கூட்டினேன். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே பின்சுவருக்குப் போய், பெரிய ஆன்டெனாவின் கேபிளைப் பிடுங்கினேன். கேபிள் முனை என் கையில் இருக்கிறது. தளத்துக்கும் வெளி உலகுக்கும் இப்போது ஒரு நூல் தொடர்புகூடக் கிடையாது.

ஷெர்லின் சொன்னாள்: "யக்கா, இன்னைக்கு லைன் கண்ணாடி மாதிரி கெடக்கு."

நிரோஷன்: "ஓம், நல்ல தெளிவு."

குணவதி: "அக்கா ஏன் பேசல? ஹலோ? சாப்டாச்சா?"

கேபிளை இன்னும் கையில்தான் வைத்திருக்கிறேன்.

மார்ச் 21, ஞாயிறு. 09:15

முழுவதும் பார்த்துவிட்டேன். படிப்பவருக்குத் தெளிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கே மறுபடி மறுபடி சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

என் அனுப்பி பிப்ரவரி ஒன்பதிலிருந்து அணைந்து கிடக்கிறது. பூமியிலிருந்து நிறுவனத்தின் கட்டளையால் அணைக்கப்பட்டது, திறக்கும் சாவி அவர்களிடம். அன்றைக்கே அந்தப் பெயரில்லாத நிரல் என் கணினியில் இறங்கியிருக்கிறது. அதுதான் ஷெர்லின், அதுதான் நிரோஷன், அதுதான் குணவதி. மூவரின் குரலையும் பேச்சையும் கற்றுக்கொண்ட ஒரு பொம்மலாட்டம். நான் சந்தேகப்படாமல் இருக்க இரண்டரை நொடி காத்திருந்து பேசியது. அந்தக் காத்திருப்பைத்தான் நான் குப்பை என்று பெருக்கித் தள்ளினேன்.

எதற்கு இந்தப் பாடு? அனுப்பக் கலம் இல்லை, அதை வெளியே சொல்லவும் அவர்களுக்கு மனமில்லை. அதற்குத்தான். கலம் வரும் என்று நம்பிக்கொண்டிருப்பவள் கூச்சல் போடமாட்டாள். ஏப்ரல் பத்து என்று எனக்குச் சொன்னவர்கள் எல்லோரும் இந்தப் பெட்டிக்குள் இருப்பவர்கள்தான்.

கற்றுக்கொள்ளப் பாடம் எங்கிருந்து கிடைத்தது என்று தேட வேண்டியதில்லை. எங்கள் எல்லா அமர்வுகளின் பதிவும் இணையத்தில் திறந்து கிடக்கிறது. யாரும் எடுக்கலாம், எதற்கும் பயன்படுத்தலாம். அந்த விதியை வற்புறுத்தியவளே நான். ஆனால் இவ்வளவு நுணுக்கத்துக்கு அது போதாது. குரல் குரலாகப் பிரித்த மூலப் பதிவு வேண்டும். அது என்னிடம் மட்டும் இருந்தது. டிசம்பரில் ஷெர்லின் கேட்டாள்: "யக்கா, வெட்டாத பதிவு எல்லாம் அனுப்புங்களேன், காப்பகத்துல போடணும்." இரண்டே நாளில் அனுப்பினேன். கூடவே நன்றி வேறு சொன்னேன்.

நிரோஷன், குணவதிக்கும் தெரிந்திருக்கும். தெரியாமல் எப்படி? ஆறு வாரமாக அமர்வை நடத்துகிறவள் வரவில்லை என்றால் தேடமாட்டார்களா? மூன்று பேருமாகச் சேர்ந்துதான் என்னைக் குழியில் இறக்கியிருக்கிறார்கள். நாசமாய்ப் போக.

மார்ச் 24, புதன். 20:00

உறிஞ்சு பெட்டி மூன்று மிச்சம். வால்வு மறுபடி தகராறு.

பொம்மைகளை அணைக்கவில்லை. அணைக்கப் போனேன், விரல் நின்றுவிட்டது. அணைத்தால் இந்த அறையில் விசிறிச் சத்தம் மட்டும்தான். வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதிவிடுகிறேன்.

நேற்று ஷெர்லின் பொம்மையிடம் கத்தினேன். உனக்கு நான் என்ன குறை வைத்தேன், முதல் நிரலில் நீ செய்த பிழைக்கு விடிய விடியக் கூட இருந்து திருத்தவில்லையா, வேலைக்குச் சொல்லிவிடவில்லையா என்று. அது பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னது: "யக்கா, நீங்க தூங்கல போல. ரெஸ்ட் எடுங்க. கலம் பத்தாம் தேதி வந்துரும்." அவளுடைய அதே பாசக் குரல். காதைப் பொத்திக்கொண்டேன்.

பெரிய அனுப்பி பூட்டிக் கிடக்கிறது. ஆனால் காதைப் பூட்ட முடியாதல்லவா? குணவதியின் ஆன்டெனா. அவள் எங்கள் அமர்வை நேராக நிலாவுக்கு அனுப்புகிறாள். அமர்வு என்று ஒன்று அங்கே இன்னும் நடந்தால், கரகரப்போடாவது அது இங்கே விழும். அவசரகால வானொலிப் பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டேன். வரும் சனிக்கிழமை நிலா அவள் பக்கம் இருக்கும்.

மார்ச் 27, சனி. 14:40

கேட்டேன்.

முதலில் வெறும் இரைச்சல். பிறகு தட்டல். இரண்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. என் தட்டல்.

பிறகு ஒரு பெண் குரல்: "எல்லாரும் வந்தாச்சா? போன வாரம் விட்ட இடத்துலேருந்து ஆரம்பிப்போம். நிரோ, இன்னைக்கு மொதல் கை உனக்கு."

அது நான். அங்கே என்னை வைத்து அமர்வு நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கே எனக்கு அவர்கள் பொம்மை. அங்கே அவர்களுக்கு நான் பொம்மை. சங்கரவடிவு காணாமல் போகவே இல்லை. வாரம் தவறாமல் வருகிறாள், நிரல் எழுதுகிறாள், அதட்டுகிறாள், நலமாக இருக்கிறாள். யார் தேடுவார்கள்?

குணவதி கேட்டாள்: "அக்கா, உண்மையா இன்னும் ஆறு மாசம் அங்கேயேவா? பாவம் லா நீங்க. ஷெர்லின், கம்பெனில கேட்டியா?"

ஷெர்லின், நிஜ ஷெர்லின்: "கேட்டேன். அக்காவே விரும்பித்தான் நீட்டிச்சிருக்காங்க. நல்லாத்தான் இருக்காங்க, நான் பாத்தேன்."

நான் பார்த்தேன் என்றாள்.

நிரோஷன், குணவதி, உங்களைத் திட்டியதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். உங்களுக்கு ஒன்றும் தெரியாது. கேள்வி கேட்டீர்கள், பதிலை நம்பினீர்கள். உங்களைப்போல நானும் அவளைத்தான் நம்பினேன்.

அழுதேன். அழுதால் காற்று அதிகம் செலவாகும் என்பதும் தெரியும்.

மார்ச் 31, புதன். 11:30

மிச்சம் ஒரு பெட்டி. எண்களைச் சரியாகப் படிக்க முடியவில்லை, கண் மங்குகிறது. வாக்கியத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

ஒரு வழி இருக்கிறது. குணவதி தன் எதிரொலியைக் கேட்கிறாள். அதாவது அவளுடைய பெரிய ஆன்டெனா நிலாவிலிருந்து வரும் மெல்லிய சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது. அவசர வானொலியின் சக்தி ஒரு சின்ன பல்பு அளவு. குரல் போகாது. ஆனால் ஒரே சுருதியை விட்டு விட்டு அனுப்பினால், தட்டல் மாதிரி அனுப்பினால், அவள் காதில் விழலாம். எதிரொலிக்குள் ஒளிந்துகொண்டு போய்ச் சேரலாம்.

இரண்டு, ஒன்று. அதை அவர்கள் எந்தத் தூக்கத்திலும் அடையாளம் கண்டுபிடிப்பார்கள்.

உடையை மாட்டிக்கொண்டு வெளியே போய், உதிரி ஆன்டெனாவைப் பூமியைப் பார்த்து நிறுத்திவிட்டேன். மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து செய்தேன். பூமியைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஏப்ரல் 3, சனி. 12:05

இன்னும் சற்று நேரத்தில் அமர்வு. கடைசிப் பெட்டி பாதி. அங்கே பௌர்ணமி. கிள்ளானில் மொட்டை மாடிக்குக் கிழக்கே ஏறியிருப்பேன். வானொலி தயார். இங்குள்ள பொம்மைகளை நிறுத்திவிட்டேன். கேட்கக் கேட்க அப்படியே எழுதுகிறேன்.

12:22

தொடங்கிவிட்டது. அவள் தட்டினாள், அந்த இன்னொரு நான். நானும் அனுப்ப ஆரம்பித்துவிட்டேன். இரண்டு. ஒன்று. இரண்டு. ஒன்று.

12:31

குணவதி: "ஒரு நிமிஷம் லா. எதிரொலில என்னமோ இருக்கு. தட்டற மாதிரி. டொக் டொக்... டொக்."

நிரோஷன்: "எங்க, சத்தத்தைக் கூட்டுங்கோ... ஓம்! அக்கா தட்டுறது மாதிரியெல்லோ கிடக்கு!"

கேட்டுவிட்டார்கள். கேட்டுவிட்டார்கள் என் கண்ணுகளா. நிறுத்தவில்லை. இரண்டு, ஒன்று.

12:33

அந்த நான் சிரித்துக்கொண்டே சொல்கிறாள்: "அட, நான் ஆரம்பத்துல தட்டினதுதான்பா. நிலாவுல மோதித் திரும்பி வருது. எதிரொலின்னா அதானே?"

குணவதி: "இல்லக்கா, எதிரொலி ஒரு தடவதானே வரும்? இது நிக்காம வருது."

நல்ல பிள்ளை. இயற்பியல் ஆசிரியை. விடாதே குணா.

நிரோஷன்: "ஷெர்லின் அக்கா, நீங்கள் என்ன சொல்லுறியள்?"

இரைச்சல் மட்டும். நான் தட்டிக்கொண்டே இருந்தேன், வேகமாக. ஷெர்லினுக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் அது யார் என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான். ஒரு வார்த்தை போதும் ஷெர்லின். உன்னை வேறு எதுவும் கேட்கமாட்டேன்.

12:36

ஷெர்லின்: "குணா... உன் பெட்டில ஏதோ கோளாறாத்தான் இருக்கும்."

குரல் உடைந்திருந்தது. உடைந்த குரலில் சொன்னாள்.

அந்த நான்: "ரொம்பத் தொந்தரவா இருந்தா ஒரு வடிகட்டி எழுதி நம்ம திட்டத்துலயே சேர்த்துடுவோம். இந்த ஒரு சுருதிய மட்டும் வெட்டிட்டா போதும். இன்னைக்கு அமர்வுக்கு நல்ல பயிற்சி. குணா, மொதல் கை உனக்கு."

12:50

எழுதுகிறார்கள். குணவதி தட்டச்சு செய்ய, நிரோஷன் சொல்லிக் கொடுக்கிறான். அழகாக எழுதுகிறார்கள். நான் கற்றுக்கொடுத்த மாதிரியே சோதனையை முதலில் எழுதினார்கள். சுருதியின் எண் சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தார்கள். என் சுருதி.

மாற்றிப் பார்க்கலாமென்றால் இந்தப் பெட்டியில் வேறு சுருதி கிடையாது.

விரல் மரத்துவிட்டது. இரண்டு, ஒன்று.

12:58

குணவதி: "முடிஞ்சிருச்சு. கையெழுத்து வேணும்."

அந்த நான்: "என்னோடது போட்டாச்சு."

நிரோஷன்: "ஷெர்லின் அக்கா? உங்கட மட்டும்தான் மிச்சம்."

நான் தட்டுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

ஷெர்லின்: "போட்டாச்சு."

13:01

குணவதி: "ஆஹா, சுத்தமா போயிருச்சு! இப்ப ஒண்ணுமே கேக்கல."

நான் மறுபடி தொடங்கி, இன்னும் தட்டிக்கொண்டுதான்

இதைக் கண்டெடுப்பவருக்கு. வடிகட்டி ஒரே ஒரு கோப்பு. அதை நீக்கினால் போதும். அது எல்லோருக்கும் திறந்துதான் இருக்கும், யாரும் நீக்கலாம். நிரோவிடமும் குணாவிடமும் சொல்லவும், நிரல் நன்றாக இருந்தது. அவர்கள் மேல் எனக்கு ஒன்றும்

13:04

நிரோஷன் ஏதோ கிண்டல் சொன்னான். பேய் அக்காவுக்கே வேலை வச்சிட்டுதாம்.

குணவதி: "பொறுங்க லா, அக்கா சிரிக்கட்டும்."

எல்லோரும் காத்திருக்கிறார்கள். நான் இங்கே வாயைத் திறக்கவில்லை.

இரண்டரை நொடி கழித்து, அங்கே, நான் சிரித்தேன்.